ஊருக்குத் தண்ணீர் தந்தவர் - ஹென்றி டார்சி

(விஞ்ஞானிகளை அறிவோம்)



நியூட்டன்னு சொன்னா ஆப்பிள் ஞாபகம் வரும். ஆர்க்கிமிடிஸ்னு சொன்னா குளியல் தொட்டி ஞாபகம் வரும். ஹென்றி டார்சின்னு சொன்னா? நம்மில் நிறைய பேர் திருதிருன்னு முழிப்போம். ஆனா சிவில், மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்கிற அண்ணனோ அக்காவோ உங்க தெருவில் இருந்தா கேட்டுப் பாருங்க, டக்குனு சொல்லிடுவாங்க. குழாயில் தண்ணீர் ஓடும்போது எவ்வளவு ஆற்றல் வீணாகிறது என்று கணக்கிடும் சூத்திரத்தில் அவர் பெயர் இருக்கிறது. மண்ணுக்குள் நிலத்தடி நீர் எப்படி ஓடுகிறது என்பதைச் சொல்லும் விதிக்கும் அவர் பெயர்தான். உலகம் முழுவதும் குடிநீர்த் திட்டம் போடுகிற பொறியாளர்கள் அவர் பெயரைச் சொல்லாமல் கணக்கை முடிக்க முடியாது.

இத்தனைக்கும் அவர் பேருக்காகவும் பணத்துக்காகவும் ஆராய்ச்சி செய்தவர் இல்லை. தன் ஊர் மக்கள் நல்ல தண்ணீர் குடிக்க வேண்டும் என்று உழைத்தவர். அவர் கதையைத்தான் இந்த இதழில் பார்க்கப் போகிறோம்.

★ கடைசி வீட்டுக் குழாய் ஏன் அழுகிறது?

கதைக்குப் போகும் முன் ஒரு சின்ன விஷயம். மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் தெருக்குழாயில் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். அதே தொட்டியிலிருந்து வரும் கடைசித் தெருக் குழாயில் நூல் மாதிரி ஒழுகும். இரண்டும் ஒரே மட்டத்தில்தான் இருக்கின்றன. அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

பதினோராம் வகுப்பில் பெர்னெளலி தேற்றம் படிக்கிறோம் இல்லையா? அதில் பாகுநிலை இல்லாத திரவம் என்று ஒரு நிபந்தனை வரும். உண்மைத் தண்ணீர் அப்படி இல்லை. குழாயின் சுவரைத் தொடும் தண்ணீர்ப் படலம் நகராமல் ஒட்டிக்கொள்ளும். அதற்கு அடுத்த படலம் அதன்மேல் உரசிக்கொண்டு மெதுவாகப் போகும். நடுவில் ஓடும் தண்ணீர்தான் வேகமாகப் போகும். இந்த உரசலில் ஆற்றல் செலவாகிறது. வேகம் கூடினால் தண்ணீர் சுழித்துச் சுழித்து ஓடும், அதில் இன்னும் அதிகமாகச் செலவாகும். குழாய் திரும்பும் இடம், வால்வு, சட்டென்று குறுகும் இடம் எல்லாமே தங்கள் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். உயரத்தில் நின்ற தொட்டி கொடுத்த ஆற்றல் இப்படி வழியெல்லாம் கரைந்துபோய், கடைசி வீட்டுக்கு மிச்சம் மீதிதான் வந்து சேரும்.

அந்த ஆற்றல் எங்கே போச்சு? வெப்பமாக மாறிவிடுகிறது. கைக்குத் தெரியாத அளவு சின்ன வெப்பம். ஆனா அந்தச் சின்ன இழப்புதான் ஒரு தெருவுக்குத் தண்ணீர் கிடைக்குமா கிடைக்காதா என்று முடிவு செய்கிறது. இதை அளந்து, எண்ணாக எழுதி வைத்தவர்களில் முக்கியமானவர் டார்சி.

★ பிறப்பும் படிப்பும்

பிரான்ஸ் நாட்டின் பர்கண்டி பகுதியில் டிஜோன் என்று ஒரு பழமையான நகரம் இருக்கிறது. அங்கே 1803-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் தேதி ஹென்றி ஃபிலிபெர்ட் காஸ்பார்ட் டார்சி பிறந்தார். அப்பா வரி வசூல் துறையில் வேலை பார்த்தவர். டார்சிக்கு 14 வயது இருக்கும்போது, 1817-இல், அப்பா இறந்துவிட்டார்.

அந்த வயதில் அப்பாவை இழந்தால் எத்தனை பேர் படிப்பைத் தொடர முடியும்? ஆனால் அம்மா விடவில்லை. கடன் வாங்கியாவது பிள்ளைக்கு ஆசிரியர் வைத்துப் படிக்க வைத்தார். அந்த உழைப்பு வீண் போகவில்லை. 1821-இல் பாரிஸ் நகரின் புகழ்பெற்ற எக்கோல் பாலிடெக்னிக்கில் டார்சிக்கு இடம் கிடைத்தது. இரண்டு ஆண்டு கழித்து சாலை, பாலப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தார். படிப்பை முடித்ததும் அரசுப் பொறியாளர் ஆனார். கொஞ்ச காலத்திலேயே சொந்த ஊரான டிஜோனில் வேலை அமைந்தது. 1828-இல் ஹென்ரியெட் கேரி என்ற பெண்ணை மணந்தார். அவர் கெர்ன்சி தீவைச் சேர்ந்த ஆங்கிலக் குடும்பத்துப் பெண்.

★ தாகத்தில் தவித்த ஊர்

அந்தக் கால டிஜோனில் நல்ல தண்ணீருக்குப் பெரிய பஞ்சம். ஊருக்கு நடுவே சூசோன் என்ற ஓடை ஓடியது. ஆனால் ஊர்க் கழிவெல்லாம் அதில்தான் கலந்தது. கிணறுகளின் தண்ணீரும் சுத்தம் என்று சொல்ல முடியாது.

1832-இல் பிரான்சில் காலரா பரவியது. பாரிசில் மட்டும் 18,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காலரா அசுத்தமான தண்ணீரால் பரவுகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. லண்டனில் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் ஒரு தெருக் குழாயைச் சுட்டிக்காட்டியதே 1854-இல்தான். ஆகவே நல்ல தண்ணீர் என்பது வெறும் வசதி இல்லை, உயிர்ப் பிரச்சினை.

ஊருக்குள்ளேயே ஆழமாகத் துளை போட்டுத் தண்ணீர் எடுக்கலாம் என்று முயன்றார்கள். போதுமான தண்ணீர் வரவில்லை. அப்போதுதான் இளம் பொறியாளர் டார்சி களத்தில் இறங்கினார். சுற்றுவட்டாரத்தில் உள்ள ஊற்றுகளை அளந்தார். ஊருக்கு வெளியே ரோஸ்வார் என்ற இடத்தில் சுத்தமான, எப்போதும் வற்றாத ஊற்று இருந்தது. அது ஊரைவிட உயரத்தில் இருந்தது என்பதுதான் முக்கியம். உயரம் இருந்தால் பம்பு தேவையில்லை, புவியீர்ப்பு விசையே தண்ணீரைக் கொண்டு வந்து சேர்த்துவிடும். 1834-இல் முழுத் திட்டத்தையும் எழுதிக் கொடுத்தார்.

★ பம்பு இல்லாமல் ஒரு குடிநீர்த் திட்டம்

1839-இல் வேலை தொடங்கியது. 12.7 கி.மீ. நீளத்துக்கு மூடிய கால்வாய் கட்டினார்கள். ஏன் மூடிய கால்வாய்? வழியில் குப்பையும் கழிவும் விழக் கூடாது இல்லையா, அதுக்குத்தான். அடுத்த ஆண்டே, 1840 செப்டம்பர் 6-ஆம் தேதி, ரோஸ்வார் ஊற்றின் தண்ணீர் டிஜோன் நகரின் நீர்த்தேக்கத்தை வந்தடைந்தது. நிமிடத்துக்குச் சுமார் 8,000 லிட்டர்! ஊர் மக்களின் மகிழ்ச்சியைச் சொல்லவா வேணும்?

அத்தோடு முடியவில்லை. நீர்த்தேக்கத்திலிருந்து ஊருக்குள் 28,000 மீட்டர் நீளத்துக்குக் குழாய்கள் பதிக்கப்பட்டன. தெருக்களில் 142 பொதுக் குழாய்கள் வைக்கப்பட்டன. ஏறக்குறைய 100 மீட்டருக்கு ஒரு குழாய். பணக்காரர், ஏழை என்ற வேறுபாடு இல்லாமல் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பிடித்துக்கொள்ளலாம். தலைநகரான பாரிசுக்கே அப்போது இப்படி ஒரு வசதி இல்லை.

இங்கே ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஊற்றுக்கும் ஊருக்கும் உள்ள உயர வித்தியாசம் என்பது இயற்கை கொடுத்த பணம் மாதிரி. அதை 142 குழாய்களுக்கும் பங்கு வைக்க வேண்டும். வழியில் உராய்வு எடுத்துக்கொள்ளும் பங்கைத் தப்பாகக் கணக்குப் போட்டால் கடைசித் தெருக்காரர் வெறும் குடத்தோடு திரும்ப வேண்டியதுதான்.

★ கூலி வேண்டாம், தண்ணீர் போதும்

இந்தத் திட்டத்துக்காக டார்சிக்குச் சேர வேண்டிய தொகை 55,000 பிராங்க் என்று மதிப்பிடுகிறார்கள். அந்தக் காலத்தில் அது ஒரு பெரிய சொத்து. அவர் அதை வாங்க மறுத்துவிட்டார். ஊர் சார்பில் ஒரு தங்கப் பதக்கம், வாழ்நாள் முழுவதும் தன் வீட்டுக்கு இலவசத் தண்ணீர். அவ்வளவுதான் அவர் ஏற்றுக்கொண்டது. சின்ன வயதில் கடன் வாங்கிப் படித்த வீட்டுப் பிள்ளை செய்த காரியம் இது என்பதை மறக்க வேண்டாம்.

தண்ணீர் மட்டுமில்லை, ரயிலையும் தன் ஊருக்குக் கொண்டுவந்தார். பாரிஸ் - லியோன் ரயில் பாதை டிஜோன் வழியாகப் போக வேண்டும் என்று பாடுபட்டார். அந்தப் பாதைக்காக பிளேசி என்ற இடத்தில் சுமார் 4 கி.மீ. நீளச் சுரங்கம் குடையப்பட்டது. இன்றும் அந்தப் பாதையில் ரயில் ஓடுகிறது.

★ மாற்றல் உத்தரவும் புது ஆராய்ச்சியும்

1848-இல் பிரான்சில் புரட்சி வெடித்து மன்னராட்சி போனது. புது ஆட்சியில், ஊரில் இவ்வளவு செல்வாக்கோடு இருந்த டார்சிக்கு டிஜோனில் இடம் இல்லாமல் போனது. வேறு ஊருக்கு மாற்றல். சொந்த ஊருக்கு இவ்வளவு செய்தவருக்கு இப்படியா என்று நமக்குக் கோபம் வருது இல்ல? ஆனால் அவர் மனம் உடைந்து உட்காரவில்லை. விரைவிலேயே பாரிஸ் நகரின் தண்ணீர், சாலை வேலைகளுக்குப் பொறுப்பாளர் ஆனார். அங்கேதான் அவருடைய மிகப் பெரிய ஆராய்ச்சி நடந்தது.

அதுவரை பொறியாளர்கள் ப்ரோனி என்ற அறிஞரின் சூத்திரத்தைப் பயன்படுத்தி வந்தார்கள். அதன்படி குழாயின் உள்பக்கம் எப்படி இருந்தாலும் கவலை இல்லை. கண்ணாடி போல வழவழப்பாக இருந்தாலும் சரி, துருப்பிடித்துச் சொரசொரப்பாக இருந்தாலும் சரி, ஒரே விடைதான் வரும். இது சரியா என்று சோதித்துப் பார்க்க டார்சி முடிவு செய்தார்.

1849 முதல் 1851 வரை பாரிசின் ஷையோ என்ற இடத்தில் சோதனைகள் நடந்தன. இரும்பு, வார்ப்பிரும்பு, ஈயம், கண்ணாடி, தார் பூசிய தகடு என்று விதவிதமான குழாய்கள். விட்டம் 1.2 செ.மீ. முதல் 50 செ.மீ. வரை. சின்னத் துண்டுகள் இல்லை, பெரும்பாலும் 100 மீட்டர் அளவுக்கு நீளமானவை. ஆய்வுக்கூட மேசையில் வைக்க முடியாத சோதனை! ஒவ்வொரு குழாயிலும் வெவ்வேறு வேகத்தில் தண்ணீரை ஓடவிட்டு, வழியில் அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார்.

இதில் அவர் செய்த ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடித்தது. உள்ளே படிவம் படிந்த பழைய வார்ப்பிரும்புக் குழாயில் முதலில் இழப்பை அளந்தார். பிறகு அதே மாதிரிக் குழாயைச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி அளந்தார். இழப்பு நன்றாகக் குறைந்தது. குழாயின் உள்சுவர் முக்கியம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அவர் கண்டுபிடித்தவை சுருக்கமாக:

1. உள்சுவர் சொரசொரப்பாக இருந்தால் இழப்பு அதிகம்.
2. குழாயின் விட்டம் மாறினால் உராய்வு எண்ணும் மாறும்.
3. புதுக் குழாயை நம்பித் திட்டம் போடக் கூடாது. நாளாக ஆக உள்ளே படிவம் சேரும். அதனால் உராய்வை இரண்டு மடங்காக வைத்தே கணக்குப் போட வேண்டும்.

மூன்றாவதைக் கவனியுங்கள். இன்னைக்குத் திறப்பு விழாவில் தண்ணீர் வந்தால் போதும் என்று அவர் நினைக்கவில்லை. இருபது வருஷம் கழித்தும் கடைசித் தெருவுக்குத் தண்ணீர் வர வேண்டும் என்று நினைத்தார்.

★ சூத்திரம் பயமுறுத்தாது!

ஜெர்மனியின் சாக்சனி பகுதியைச் சேர்ந்த ஜூலியஸ் வைஸ்பாக் 1845-இல் ஒரு சூத்திரம் எழுதியிருந்தார். டார்சியின் அளவீடுகள் அதற்கு உயிர் கொடுத்தன. அதனால்தான் இன்று அது டார்சி - வைஸ்பாக் சமன்பாடு என்று அழைக்கப்படுகிறது. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

இழந்த உயரம் = உராய்வு எண் × (நீளம் ÷ விட்டம்) × (வேகத்தின் வர்க்கம் ÷ புவியீர்ப்பு முடுக்கத்தின் 2 மடங்கு)

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போமா? குழாயின் நீளம் 100 மீட்டர், விட்டம் 10 செ.மீ. (0.1 மீ.), தண்ணீரின் வேகம் விநாடிக்கு 1 மீட்டர், உராய்வு எண் 0.02 என்று வைத்துக்கொள்வோம்.

0.02 × (100 ÷ 0.1) × (1 ÷ 19.6) = சுமார் 1.02 மீட்டர்.

அதாவது தொட்டியின் உயரத்தில் 1 மீட்டரை இந்தக் குழாய் சாப்பிட்டுவிட்டது. வேகத்தை இரண்டு மடங்காக்கினால்? இழப்பு நான்கு மடங்காகி 4 மீட்டரைத் தாண்டிவிடும். வேகம் வர்க்கத்தில் வருவதுதான் காரணம்.

(உராய்வு எண்ணை எல்லா நிலைக்கும் சரியாகச் சொல்ல இன்னும் பலர் உழைத்தார்கள். 1883-இல் ஆஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் சாயம் விட்டு, சீரான ஓட்டம் எப்போது சுழல் ஓட்டமாக மாறுகிறது என்று காட்டினார். 1944-இல் லூயிஸ் மூடி எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் கொண்டுவந்தார். பொறியாளர்கள் இன்றும் அதைப் பார்க்கிறார்கள்.)

★ மணலுக்குள் ஓடும் தண்ணீர்

ஓயாத உழைப்பில் டார்சியின் உடல்நிலை கெட்டது. அரசு வேலையிலிருந்து விலகி டிஜோனுக்கே திரும்பினார். அங்கேயாவது ஓய்வெடுத்தாரா? இல்லையே! 1855, 1856 ஆண்டுகளில் டிஜோன் மருத்துவமனை வளாகத்தில் ஒரு பெரிய இரும்பு உருளையை நிறுத்தி, அதில் மணலை நிரப்பி, தண்ணீரை ஊடுருவ விட்டு அளந்தார். தண்ணீரை மணலால் வடிகட்டும் தொட்டிகளை எவ்வளவு பெரிதாகக் கட்ட வேண்டும் என்று தெரிந்துகொள்ளவே இந்தச் சோதனை.

விடை மிக எளிமையாக வந்தது. மேலும் கீழும் உள்ள நீர்மட்ட வித்தியாசம் இரண்டு மடங்கானால் ஓடும் தண்ணீரும் இரண்டு மடங்கு. மணல் அடுக்கின் கனம் இரண்டு மடங்கானால் தண்ணீர் பாதி. குழாயில் வேகத்தின் வர்க்கம் வந்தது, மணலில் வர்க்கம் இல்லை. ஏன்னா மணல் இடுக்குகளில் தண்ணீர் ரொம்ப மெதுவாக, சுழிக்காமல் போகிறது. இதுதான் டார்சி விதி. கிணறு, ஆழ்துளைக் கிணறு, பெட்ரோலியம் எதைப் பற்றிக் கணக்கிட வேண்டுமானாலும் இந்த விதிதான் அடிப்படை.

1856-இல் டிஜோன் நகரப் பொதுக் குழாய்கள் பற்றி அவர் எழுதிய பெரிய நூல் வெளிவந்தது. உலகப் புகழ் பெற்ற இந்த மணல் விதி அந்த நூலின் பின்பகுதியில் ஒரு இணைப்பாகத்தான் இருக்கிறது! 1857-இல் குழாய்ச் சோதனைகள் பற்றிய நூலும் வந்தது. ஓடும் நீரின் வேகத்தை அளக்கும் பிட்டோ குழாயையும் அவர் மேம்படுத்தினார்.

★ மறைவு

பாரிஸ் சென்றிருந்தபோது நிமோனியா காய்ச்சலால் தாக்கப்பட்டு, 1858 ஜனவரி 3-ஆம் தேதி டார்சி காலமானார். வயது 54. டிஜோன் நகரம் கொஞ்சமும் தாமதிக்கவில்லை. நீர்த்தேக்கம் இருந்த சதுக்கத்துக்கு உடனே அவர் பெயரை வைத்தது. பிறகு அந்த நீர்த்தேக்கத்தைச் சுற்றி ஒரு பூங்காவும் அமைந்தது. டார்சி தோட்டம் என்று இன்றும் மக்கள் அங்கே உலாவுகிறார்கள். திறந்த கால்வாய்களில் அவர் பாதியில் விட்ட சோதனைகளை உதவியாளர் ஹென்றி பாசின் தொடர்ந்து முடித்து 1865-இல் வெளியிட்டார்.

நண்பர்களே! டார்சியிடம் நாம் கற்க வேண்டியது சூத்திரம் மட்டுமில்லை. எல்லாரும் நம்பிய ஒரு கணக்கை அவர் அப்படியே ஏற்கவில்லை, குழாயைப் பதித்து அளந்து பார்த்தார். படிப்பால் கிடைத்த அறிவை ஊருக்குக் கொடுத்தார், அதற்குக் கூலியும் வாங்கவில்லை. தெருக்குழாயைத் திறக்கும்போது அவரை ஒரு நிமிஷம் நினைப்போம். பிடித்து முடித்ததும் மறக்காமல் மூடுவோம்!

┌─ வாழ்க்கைக் குறிப்பு ─┐
1803 - டிஜோனில் பிறப்பு
1817 - தந்தை மறைவு
1821 - பாரிசில் கல்லூரிப் படிப்பு
1834 - ரோஸ்வார் குடிநீர்த் திட்டம்
1840 - டிஜோனுக்குத் தண்ணீர் வந்தது
1849-51 - ஷையோவில் குழாய்ச் சோதனைகள்
1856 - டிஜோன் பொதுக் குழாய்கள் நூல், டார்சி விதி
1857 - குழாய்ச் சோதனை நூல்
1858 - மறைவு
└──────────────┘

மூளைக்கு வேலை!

மேலே உள்ள கணக்கில் அதே அளவு தண்ணீரை 10 செ.மீ. குழாய்க்குப் பதில் 5 செ.மீ. குழாயில் அனுப்பினால் இழப்பு எத்தனை மடங்காகும்? (உராய்வு எண் மாறவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.) விடையைப் பார்க்காமல் போடுங்க பார்க்கலாம்!

விடை: 32 மடங்கு. விட்டம் பாதியானால் குழாயின் குறுக்குப் பரப்பு கால்வாசி ஆகும். எனவே வேகம் 4 மடங்கு, அதன் வர்க்கம் 16. விட்டம் பாதி என்பதால் இன்னொரு 2 மடங்கு. 16 × 2 = 32. அதாவது 1.02 மீட்டர் இழப்பு சுமார் 32.7 மீட்டர் ஆகிவிடும். பத்து மாடி உயரம்! செலவு மிச்சம் என்று சின்னக் குழாய் போட்டால் கடைசி வீட்டுக்காரர் என்ன ஆவார் என்று இப்போ புரியுதா?